பழைய வண்டியும் அதன் மெய்யான வயதும்

பழமைக்கு மதிப்பு உண்டு. மதிப்புள்ள இடத்தை நாடிப் போலியும் வந்து சேரும். முற்காலத்தில் நிலத்தின்மீது உரிமை கொண்டாட விரும்பிய சிலர், தமக்குப் பல தலைமுறைகளுக்கு முன் ஆண்ட மன்னர் பெயரால் செப்பேடு எழுதி வைத்துக்கொண்டது உண்டு. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அத்தகைய போலிச் செப்பேடுகளை எவ்வாறு கண்டுபிடித்தனர்? எழுத்தின் வடிவம் அக்காலத்துக்குப் பொருந்தவில்லை. ஆண்டுக் கணக்கில் பிழை இருந்தது. அம்மன்னர் நாளில் வழங்காத பெயர்கள் ஏட்டில் புகுந்திருந்தன. இத்தகைய சிறு தடயங்களே அவற்றைக் காட்டிக் கொடுத்தன. வரலாறு கற்றவர்க்கு உரிய இந்தக் கலையை, ஒரு பழைய மோட்டார் வண்டியின் விற்பனை விளம்பரத்தின்மீது செலுத்திப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை நேர்ந்தது. அதனையே இங்கே மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழ்வது சூரமங்கலத்தில். சேலம் ஜங்ஷன் ரயில் நிலையம் அமைந்துள்ள பகுதி அது. இன்று சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று. பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஒருநாள் மாலை, என்னிடம் படித்த மாணவன் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். இப்போது அவன் சிறிய லேத் பட்டறை ஒன்றை நடத்துகிறான். கைப்பேசியை என் முன் நீட்டி, "ஐயா, இதைப் பாருங்கள்" என்றான். இணையத்தில் வெளிவந்திருந்த விற்பனை விளம்பரம் அது. "உலகப் போர் ஜீப். 1943 மாடல். வின்டேஜ். முழுக்க அசல். மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம். மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் வந்தது. விலை ரூ. 8 லட்சம்." இவ்வளவே வாசகம். கூடவே ஒரே ஒரு படம். ஆயுதபூஜையன்று எடுத்தது போலும். வண்டியின் முன்புறம் முழுவதும் வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் மறைத்திருந்தன.

ரூ. 25,000 முன்பணம் அனுப்பிவிட்டதாக அவன் சொன்னபோது எனக்குத் திடுக்கென்றது. மீதித் தொகை, பட்டறைக்கு இரண்டாவது லேத் வாங்குவதற்காக ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த பணம். "ஏனப்பா இந்த ஆசை?" என்று கேட்டேன். "நீங்கள்தான் ஐயா காரணம். பர்மாப் போர்முனையில் சேற்றிலும் மலையிலும் ஜீப் ஓடிய கதையை ஒன்பதாம் வகுப்பில் சொன்னீர்களே!" என்றான். நான் நடத்திய பாடம் இருபது ஆண்டுகள் கழித்து ஒருவனுடைய சேமிப்புக்கே உலை வைக்கக்கூடும் என்று நான் எண்ணியதில்லை. ஆகவே, "ஞாயிற்றுக்கிழமை நேரில் சென்று பார்ப்போம். அதுவரை மேற்கொண்டு பணம் அனுப்பாதே. அதற்குள் இந்த விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லையும் சாட்சிக் கூண்டில் நிறுத்தி விசாரிப்போம்" என்றேன்.

முதலில் 'வின்டேஜ்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டோம். திராட்சை மதுவுக்கு அது விளைந்த ஆண்டைக் குறிக்க எழுந்த சொல் அது. பின்னர் மோட்டார் வண்டிக்கு வந்தது. பிரிட்டனில் 1934-இல் தோன்றிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கழகம், 1919 முதல் 1930 முடியச் செய்யப்பட்ட வண்டிகளையே அப்பெயரால் அழைக்கிறது. 1904 முடியச் செய்யப்பட்டவை 'வெட்டரன்', இடைப்பட்டவை 'எட்வர்டியன்'. இந்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளோ வேறு அளவுகோலைக் கொண்டவை. முதற்பதிவு செய்த நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் ஏதுமின்றி ஆதி வடிவில் இருக்கும் வண்டியே இங்கே வின்டேஜ் ஆகும். அவ்வாறு பதிவு செய்யப்படும் வண்டியின் எண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஆகவே 1943-ஆம் ஆண்டு வண்டி பிரிட்டிஷ் கழகத்தின் கணக்கில் வின்டேஜ் அன்று. இந்திய விதியின்படி ஆகலாம். எந்த அளவுகோலால் அளந்தார் என்று சொல்லாதவரையில் அச்சொல் வெறும் அலங்காரமே.

அடுத்தது ஆண்டு. இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வண்டி செய்யப்பட்ட ஆண்டு வேறு. முதன்முதலில் விற்கப்பட்ட ஆண்டு வேறு. நம் ஊர் அலுவலகத்தில் பதிவான ஆண்டு வேறு. இம்மூன்றில் தமக்கு வசதியானதை விளம்பரக்காரர் எடுத்துக்கொள்கிறார். 1943-ஆம் ஆண்டுச் செவர்லே கார் என்றோ, 1944-ஆம் ஆண்டு பியூக் கார் என்றோ ஒருவர் எழுதினால், வரலாறு படித்த மாணவன் உடனே ஐயுற வேண்டும். ஏனெனில் போர் காரணமாக அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி 1942 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 1945-இன் இடைப்பகுதிக்குப் பிறகே அது மீண்டும் தொடங்கியது. அத்தொழிற்சாலைகள் இடைக்காலத்தில் டாங்கியும் விமானமும் லாரியும் செய்துகொண்டிருந்தன. முன்பே செய்த கார் கிடங்கில் கிடந்து பின்னர் பதிவாகியிருக்கலாம். அவ்வாறாயின் அந்த ஆண்டு பதிவின் ஆண்டே ஒழியப் பிறப்பின் ஆண்டு ஆகாது. ஆனால் ஜீப்பின் நிலை வேறு. போருக்காகவே பிறந்த வண்டி ஆதலின் 1943-இல் அது மிகுதியாகச் செய்யப்பட்டது. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் 1941 முதல் 1945 வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. எனவே நம் விளம்பரத்தின் ஆண்டு இயலாத ஒன்றன்று. அது மெய்தானா என்பதே எஞ்சிய வினா.

பெயரும் ஒரு சாட்சி. போலிச் செப்பேட்டில் பிற்காலப் பெயர் நுழைவதைப் போலவே, விளம்பரத்திலும் பிற்காலப் பெயர் நுழைவது உண்டு. பம்பாயில் 1944-இல் தோன்றிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் ஃபியட் 1100 வகைக் கார்களைச் செய்தது. 1964-இல் அவ்வகையின் புதிய உருவம் 'டிலைட்' என்ற பெயருடன் வந்தது. அதற்குப் 'பத்மினி' என்னும் பெயர் சூட்டப்பட்டது 1970-களிலேதான். ஆகவே "1966 மாடல் பிரீமியர் பத்மினி" என்று ஒருவர் எழுதினால், ஆண்டு தவறா, பெயர் தவறா என்று கேட்க வேண்டும். இரண்டும் ஒருசேர உண்மையாக இருத்தல் இயலாது. அரசாங்கத் தாள்களுக்கும் இது பொருந்தும். நம் மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரை 1969 ஜனவரியில் பெற்றது. 1962-இல் எழுதியதாகச் சொல்லும் பதிவுப் புத்தகத்தில் தமிழ்நாடு என்னும் முத்திரை இருந்தால், அது பின்னர் எடுத்த நகலாக இருக்கலாம். அல்லது அதைவிடத் தீயதாகவும் இருக்கலாம்.

'இறக்குமதி' என்பது மற்றொரு மயக்கச் சொல். அயல்நாட்டுப் பெயர் தாங்கிய வண்டிகள் எல்லாம் அயல்நாட்டிலேயே பூட்டப்பட்டுக் கப்பலேறி வந்தவை அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-லேயே பம்பாயில் உதிரிகளை வரவழைத்து வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. நம் சென்னையில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ-40 கார்களை எண்ணூரில் பூட்டி விற்றது. 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போன நிறுவனம் அதுவே. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் பிறந்த அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரின் வழிவந்தது. 2014 வரை அது இங்கே உற்பத்தியாயிற்று. எண்ணூரில் பூட்டிய ஆஸ்டினை "லண்டனிலிருந்து வந்தது" என்று விளம்பரம் செய்பவர், விலை கூடும் என்று எண்ணிச் செய்கிறார். ஆனால் அந்த ஒரு சொல்லால், விடுதலை பெற்ற நாடு தன் கையாலேயே கார் பூட்டக் கற்றுக்கொண்ட கதை அழிந்துபோகிறது. இத்தகைய வண்டிகளை நேரில் காண விரும்பும் மாணவர்கள் கோயம்புத்தூரில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குச் சென்று வரலாம்.

மூன்றாவது சொல் 'அசல்'. இதனை விளக்க நான் நூலைத் தேட வேண்டியதில்லை. நாமக்கல் சாலையில் நின்றாலே போதும். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸாக, முகப்பும் சக்கரமும் மட்டும் கொண்டு லாரிகள் ஓடி வருவதை நம் பகுதி மாணவர் அனைவரும் கண்டிருப்பீர்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள பட்டறைகளில் மரத்தாலும் இரும்பாலும் அவற்றுக்குப் பாடி கட்டப்படுகிறது. சேஸ் ஒருவர் செய்தது. பாடி இன்னொருவர் கட்டியது. போருக்கு முற்பட்ட பெரிய கார்களின் முறையும் இதுவேயாகும். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் அந்நாளில் சேஸும் இஞ்சினும் மட்டுமே செய்து கொடுத்தது. மேற்பாகத்தைக் கூண்டு கட்டும் கம்மியர்கள் தனியே கட்டினர். சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்சன் கம்பெனியும் குதிரை வண்டிகள் கட்டுவதில் பெயர் பெற்றுப் பின்னர் மோட்டார்த் தொழிலுக்கு வந்ததேயாகும்.

இதனால் வரும் சிக்கலைக் கவனியுங்கள். 1928-இல் பிறந்த சேஸின்மேல் 1980-இல் கட்டிய பாடி அமரலாம். மூடிய காராக இருந்ததைக் கூரை வெட்டித் திறந்த காராக மாற்றலாம். திறந்த காருக்குச் சந்தையில் விலை அதிகம். இஞ்சினும் அவ்வாறே. அயல்நாட்டு உதிரிப் பாகங்கள் கிடைக்காத காலத்தில், பெட்ரோல் குடிக்கும் பெரிய அமெரிக்கக் கார்களின் இஞ்சினை இறக்கிவிட்டு டீசல் இஞ்சின் ஏற்றி ஓட்டியவர் நம் நாட்டில் பலர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வண்டி ஓட வேண்டும், குடும்பம் பிழைக்க வேண்டும். ஆனால் அவ்வாறு மாறிய வண்டியை "முழுக்க அசல்" என்று எழுதும்போதுதான் குற்றம் பிறக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்களுடன் சூரமங்கலத்தைச் சேர்ந்த முதிய மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டோம். பதினான்கு வயதில் ஸ்பானர் பிடித்த கை அவருடையது. போகும் வழியிலேயே அவர் என் மாணவனுக்குப் பாடம் நடத்தினார். "தம்பி, போர்க்கால ஜீப்புக்கு நான்கு அடையாளம் சொல்கிறேன். முதலாவது, முன்முகத்தில் ஒன்பது பிளவுகள் இருக்கும்; பின்னால் பொதுமக்களுக்காகச் செய்த ஜீப்பில் ஏழுதான். இரண்டாவது, போர் ஜீப்புக்கு ஸ்டியரிங் இடது பக்கம். மூன்றாவது, அதன் பின்புறத்தில் திறக்கும் கதவு கிடையாது; மாற்றுச் சக்கரம் அங்கேதான் மாட்டியிருக்கும். நான்காவது, பானெட் தாழ்வாகத் தட்டையாக இருக்கும். ஃபோர்டு செய்த ஜீப்பானால் போல்ட்டிலேகூட 'எஃப்' என்ற எழுத்து பொறித்திருக்கும்." நான் வியந்துபோனேன். கல்வெட்டு அறிஞர் எழுத்தின் வளைவைக் கண்டு நூற்றாண்டு சொல்வது போல், இவர் இரும்பின் வளைவைக் கண்டு ஆண்டு சொல்கிறாரே!

இராசிபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. எழுபது வயதைக் கடந்த பெரியவர் எங்களை வரவேற்று, திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். வண்டி கொட்டகையில் நின்றது. மாலைகள் இப்போது இல்லை. மெக்கானிக் அருகில் சென்று ஒரு விரலால் முன்முகத்தை எண்ணினார், ஏழு பிளவுகள். ஸ்டியரிங் வலது பக்கம். பின்னால் திறக்கும் கதவு. பானெட்டோ உயர்ந்து நின்றது. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் உயரமான புதிய இஞ்சினைப் பொருத்துவதற்காகப் பானெட்டை உயர்த்திய வகை அது. அதே வகையை மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் நெடுங்காலம் செய்து வந்தது. என் மாணவன் முகம் வாடியது. "ஐயா, போர் முடிந்து எட்டு வருஷம் கழித்து வந்த உருவமா இது?" என்று மெல்லக் கேட்டான்.

அவன் அதைப் பெரியவரிடமும் சொல்லிவிட்டான். பெரியவர் கோபம் கொள்ளவில்லை. ஆனால் புண்பட்டார் என்பது தெரிந்தது. "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருங்க. சண்டை முடிஞ்சு டிஸ்போசல்ல எடுத்த வண்டின்னு நூறு தரம் சொல்லியிருக்காருங்க" என்றார். உள்ளே சென்று ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் திருநீற்றுப் பையுடன் பழைய ஆர்.சி. புத்தகம் இருந்தது. தாள்கள் மடிப்பில் கிழிந்திருந்தன. முதற்பதிவு 1968. முத்திரையில் சென்னை மாநிலத்தின் பழைய ஆங்கிலப் பெயரான 'மெட்ராஸ்' இருந்தது. 1969-க்கு முற்பட்ட ஏட்டுக்கு அது பொருத்தமே. செய்த நிறுவனம் மகிந்திரா. வீட்டில் உள்ள எவரும் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்ததில்லை.

அப்படியானால் அவருடைய தந்தையார் சொன்னது பொய்யா? அந்தக் கேள்விக்கு விடை சுவரில் தொங்கியது. கூடத்தில், சாமி படங்களுக்கு அருகில், சட்டமிட்ட பழைய புகைப்படம் ஒன்று இருந்தது. வேட்டி கட்டிய இளைஞர் ஒருவர் ஒரு ஜீப்பின்மேல் கைவைத்து நிற்கிறார். மெக்கானிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் அருகில் சென்றார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒன்பது பிளவுகள்! ஸ்டியரிங் இடது பக்கம்! போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை அத்தந்தையார் வாங்கியது முழு உண்மை. 1968-இல் அதனைக் கொடுத்துவிட்டுப் புதிய மகிந்திரா ஜீப் வாங்கியிருக்கிறார். பழைய வண்டி போயிற்று. அதன் கதை மட்டும் கொட்டகையில் தங்கி, அதே இடத்தில் வந்து நின்ற புதிய வண்டியின்மேல் ஏறிக்கொண்டது. பெரியவர் அப்போது சிறுவர். இரண்டு வண்டியும் அவர் நினைவில் ஒன்றாகிவிட்டன. மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றிய வரியைக் கேட்டேன். ஏற்காடு சாலையில் 1935-இல் எழுந்த அந்தப் படநிலையத்தின் பெயர் சேலத்தில் எவர் மனத்தையும் இளக்கும் அன்றோ? "அது பேரன் சேர்த்ததுங்க, எந்தப் படம்னு எனக்குத் தெரியாது" என்று தலைகுனிந்தார்.

ஆக, அந்த ஒரு விளம்பரத்தில் மூன்று வகைப் பிழை இருந்தது. ஆர்.சி. புத்தகத்தைப் படியாமை அறியாமையால் வந்த பிழை. தந்தையின் கதை நினைவின் இடமாற்றத்தால் வந்த பிழை. திரைப்பட வரி விலை கூட்டுவதற்காக வேண்டுமென்றே புனைந்தது. கேட்டவருக்கு மூன்றும் ஒரே குரலில் ஒலித்தன. வரலாற்று மாணவன் செய்ய வேண்டிய வேலை, இம்மூன்றையும் பிரித்தறிவதுதான். எல்லாவற்றையும் பொய் என்று தள்ளினால் சுவரில் தொங்கும் உண்மையை இழப்போம். எல்லாவற்றையும் நம்பினால் பணத்தை இழப்போம்.

அதன்பின் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். இஞ்சினில் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தார், நான் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். இரண்டும் ஒத்தன. கீழே படுத்துச் சேஸ் எண்ணையும் தேடிக் கண்டார். அதுவும் ஒத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியில் பிறந்தபோது இருந்த பெட்ரோல் இஞ்சின் அப்படியே இருப்பதும், அதே குடும்பத்திடம் முதற்பதிவிலிருந்து இருப்பதும், அதற்கு ஏடு சாட்சியாக நிற்பதும் எளிதில் கிடைக்கும் பேறல்ல என்றார் அவர். 2021-ஆம் ஆண்டு விதி கேட்கும் 50 ஆண்டு 2018-லேயே நிறைந்துவிட்டது. விளம்பரத்தின் பொய்யை நீக்கிப் பார்த்தபோது அதனடியில் நல்ல உண்மை ஒன்று இருந்தது. அதனைச் சொல்லாமல் விட்டதே பொய் செய்த பெரிய கேடு.

திரும்பும் வழியில், "அப்படியானால் அசல் என்ற சொல்லை எங்கேதான் பயன்படுத்தலாம் ஐயா?" என்று என் மாணவன் கேட்டான். அதற்கு இங்கிலாந்தில் நடந்த புகழ்பெற்ற வழக்கு ஒன்றைச் சொன்னேன். பென்ட்லி நிறுவனத்தின் 'ஸ்பீட் சிக்ஸ்' வகைப் பந்தயக் கார் ஒன்று 'ஓல்டு நம்பர் ஒன்' என்று அழைக்கப்பட்டது. பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதுவே வென்றது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபி என்பவர் உயிர் துறந்தார். பின்னர் அக்கார் மீண்டும் கட்டப்பட்டது. காலப்போக்கில் அதன் உறுப்புகள் பல மாறின. 1990-இல் அதனை ஒரு கோடி பவுனுக்கு விற்க ஒப்பந்தமாயிற்று. வாங்க இருந்தவரோ, இது லெ மானில் வென்ற கார் அன்று என்று மறுக்க, வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதி சொற்களைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தார். பந்தயம் வென்ற நாளின் உறுப்புகள் மிகுதியாக இல்லாமையால் அதனை 'ஆதி வடிவில் உள்ளது' என்று சொல்லலாகாது. ஆனால் அதன் வாழ்க்கைத் தொடர் அறுபடாமல் வந்திருப்பதால் அதனை 'மெய்யான ஓல்டு நம்பர் ஒன்' என்று சொல்லலாம் என்பது அவர் முடிவு. விற்றவர் பக்கம் தீர்ப்பாயிற்று.

இந்த வேறுபாடு நமக்குப் புதியதன்று. திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத்துக்கு ஓடும் தேரை எண்ணிப் பாருங்கள். ஒரு தேருக்கு ஒரு தலைமுறையில் சக்கரம் மாறும். மறு தலைமுறையில் அச்சும் சட்டமும் மாறும். ஆயினும் ஊரார் அதனைத் தம் முன்னோர் இழுத்த தேர் என்றே வடம் பிடிக்கிறார்கள். ஏனெனில் ஒவ்வொரு மாற்றமும் ஊரறிய நடந்தது. பழைய கட்டையை எடுத்ததும் புதிய கட்டையைப் பூட்டியதும் எவரிடமிருந்தும் மறைக்கப்படவில்லை. பழைய வண்டிக்கும் அதுவே நெறி. மாறியதை மாறிற்று என்று சொன்னால் அதன் பெருமை குன்றுவதில்லை.

சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பொய்யான தகவலால் ஒருவர் சம்மதம் பெறப்பட்டால் அந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவிடும் உரிமையை அவருக்குத் தருகிறது. பொய் என்று அறியாமல் ஒருவர் சொன்னாலும்கூட இவ்வுரிமை உண்டு. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், வர்ணனையைக் கொண்டு ஒரு பொருள் விற்கப்பட்டால் பொருள் அவ்வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்திலேயே ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாதாரண முயற்சியால் உண்மையைக் கண்டறியும் வாய்ப்பு வாங்குபவருக்கு இருந்திருந்தால், தெரியாமல் தவறாகச் சொன்னதைக் காட்டி அவர் பின்னர் விலகிக்கொள்ள முடியாமல் போகலாம். ஏழு பிளவுகளை எண்ணுவது சாதாரண முயற்சிதானே? ஆகவே முன்பணம் அனுப்பும் முன்னரே நேரில் காண்பதும், ஆர்.சி. புத்தகத்தைப் படிப்பதும், சேஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் ஒப்பிடுவதும், விவரம் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் வாங்குபவர் கடமை.

பத்து நாள் கழித்துப் பெரியவரே தொலைபேசியில் அழைத்தார். முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "வாத்தியார் ஐயா, உள்ளது உள்ளபடி நீங்களே ஒரு விளம்பரம் எழுதிக் கொடுங்க; பேரன் போடட்டும்" என்றார். நான் எழுதிக் கொடுத்தது இது: "மகிந்திரா ஜீப். முதற்பதிவு 1968. அன்றுமுதல் ஒரே குடும்பம். சேஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்துக்கு ஒத்தவை. மேற்கூரைத் துணியும் இருக்கைகளும் பிற்காலத்தவை. வலது பக்கத் தகட்டில் பற்றவைப்பு உண்டு. நேரில் பார்த்தபின் விலை பேசலாம்."

அந்த விளம்பரம் இணையத்துக்குப் போகவே இல்லை. அதனைப் படித்த என் மாணவன், "இந்த வண்டியை நான் வாங்குகிறேன் ஐயா" என்றான். முதலில் கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவாக விலை முடிந்தது. லேத்துக்குச் சேர்த்த பணத்தில் பெரும்பகுதி அவனிடமே நின்றது. பெரியவருக்கும் குறையில்லை; மெய்யான விலை கிடைத்தது, தந்தையின் சொல்லும் காப்பாற்றப்பட்டது.

வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படும் நாளில் நானும் சென்றிருந்தேன். பெரியவர் சுவரிலிருந்த புகைப்படத்தைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். "பின்னாடி ரெண்டு வரி எழுதிக் கொடுங்க ஐயா. எனக்கப்புறம் பேரன் மறுபடி மாத்திச் சொல்லிடக்கூடாதுங்க" என்றார். நான் பேனாவைத் திறந்து எழுதினேன்: "படத்தில் உள்ளது இக்குடும்பத்தின் முதல் ஜீப்; போர்க்காலத்தது; 1968-இல் கைமாறியது. அதன்பின் வாங்கியது மகிந்திரா ஜீப். அது இப்போது சூரமங்கலத்தில் உள்ளது." எழுதிய நாளையும் கீழே குறித்தேன். பெரியவர் அதனை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, படத்தை மீண்டும் அதே ஆணியில் மாட்டினார்.